மெய்நிகர் கணினியில் சிடி, டிவிடி, ஐஎஸ்ஓ கோப்பு வேலை செய்யாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மெய்நிகர் கணினியில், அதாவது உண்மையான கணினிக்குள் மென்பொருள் உருவாக்கி இயக்கும் கணினியில், ஒரு வட்டு படிக்கப்படவில்லை என்றால், பழுது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். முதலாவது, உண்மையான கணினியில், அதாவது ஹோஸ்ட்டில், இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு வட்டின் தரவை அப்படியே நகலெடுத்த படிமக் கோப்பு) அல்லது டிவிடி டிரைவ். இரண்டாவது, விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, கியூஎம்யு போன்ற மென்பொருள் உருவாக்கிக் காட்டும் மெய்நிகர் டிரைவ். மூன்றாவது, அந்த டிரைவைப் பயன்படுத்தும் கெஸ்ட், அதாவது மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம். பழுது எந்த இடத்தில் என்று தெரியாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினால், சரியாக இருந்தவையும் கெட்டு, எங்கிருந்து தொடங்கினோம் என்பதே மறந்துவிடும்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். நன்றாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு மதிப்பு) சரிபார்க்கப்பட்ட, நிறுவாமலே வட்டிலிருந்து ஓடும் சிறிய லினக்ஸ் லைவ் ஐஎஸ்ஓ ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். சிக்கல் தரும் கோப்பை எடுத்துவிட்டு, அதே மெய்நிகர் கணினியில் அதே டிரைவில் இந்த ஐஎஸ்ஓவைப் பொருத்தி இயக்குங்கள். அது பூட் ஆனால், அதாவது கணினி அதிலிருந்து தொடங்கினால், டிரைவும் பூட் வரிசையும் (எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற வரிசை) சரியாக உள்ளன. பழைய கோப்பிலோ, அந்தக் கோப்புக்கும் இந்தக் கணினியின் வகைக்கும் உள்ள பொருத்தத்திலோதான் சிக்கல். அதுவும் பூட் ஆகவில்லை என்றால் கோப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மெய்நிகர் கணினியின் அமைப்பைப் பாருங்கள். கீழே உள்ள ஒவ்வொரு பகுதியையும் இந்தச் சோதனையின் முடிவோடு சேர்த்துப் படிப்பது நல்லது.

அறிகுறி: இயக்கியவுடன், பூட் செய்யத்தக்க ஊடகம் எதுவும் இல்லை என்ற செய்தி வருகிறது

டிரைவ் வேறு, அதற்குள் இருக்கும் வட்டு வேறு. மெய்நிகர் கணினியில் டிரைவ் இருப்பது உள்ளே வட்டு இருப்பதற்குச் சான்றாகாது. விர்ச்சுவல்பாக்ஸின் சேமிப்பகப் பக்கத்தில் டிரைவின் பக்கத்தில் 'காலி' என்று இருந்தால், கோப்பு இன்னும் பொருத்தப்படவில்லை. விஎம்வேரில் கோப்பைத் தேர்ந்தெடுத்த பிறகும், 'இயக்கும்போதே இணைக்கவும்' என்ற பெட்டியில் குறி இல்லாவிட்டால் டிரைவ் காலியாகவே தொடங்கும். மிக எளிய காரணம் இதுதான். என் அனுபவத்தில் மிக அடிக்கடி வருவதும் இதுதான்.

வட்டு உள்ளே இருக்கிறது, ஆனால் வன்தட்டில் ஏற்கெனவே ஓர் இயங்குதளம் இருக்கிறது என்றால், பூட் வரிசையில் வன்தட்டு முன்னால் நிற்கலாம். டிரைவை வரிசையில் மேலே நகர்த்துங்கள், அல்லது தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் ஒருமுறை மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை தேர்ந்தெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். காரணம் பின்னால் வரும்.

விண்டோஸ் நிறுவல் வட்டுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வட்டிலிருந்து தொடங்க ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்டு, அவை சில விநாடிகள் மட்டுமே காத்திருக்கும். ஹைப்பர்-வியில் கணினியை இயக்கிவிட்டு அதன் சாளரத்தைத் திறப்பதற்குள் அந்தச் சில விநாடிகள் கழிந்துபோகும். திரையில் மிஞ்சுவது பூட் தோல்வி என்ற செய்தி மட்டுமே. முதலில் சாளரத்தைத் திறந்து வைத்து, அதற்குள்ளேயே இயக்கு பொத்தானை அழுத்தி, சுட்டியால் சாளரத்தின் உள்ளே ஒருமுறை சொடுக்கிவிட்டு விசையை அழுத்துங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பூட் ஆகவில்லை என்றால், கணினியின் ஃபர்ம்வேர் வகையைப் பார்க்க வேண்டும். இயங்குதளத்துக்கு முன் ஓடிக் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் அது; பழைய வகை பயாஸ், புதிய வகை யுஇஎஃப்ஐ. வட்டிலிருந்து பூட் செய்யும் முறையை வரையறுத்த எல் டோரிட்டோ என்ற விவரக்குறிப்பு 1995-ல் வெளிவந்தது. ஒரு வட்டில் பழைய பயாஸுக்கு ஒன்று, யுஇஎஃப்ஐக்கு ஒன்று என்று பல பூட் பதிவுகளை வைக்க அது இடம் தருகிறது. பழைய இயங்குதளங்களின் வட்டுகளில் பயாஸ் பதிவு மட்டுமே இருக்கும். யுஇஎஃப்ஐ வகையில் உருவாக்கிய மெய்நிகர் கணினி அந்த வட்டைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். விர்ச்சுவல்பாக்ஸில் ஈஎஃப்ஐ என்ற குறியை எடுத்துவிட்டால் போதும். ஹைப்பர்-வியில் முதல் தலைமுறை பயாஸையும் இரண்டாம் தலைமுறை யுஇஎஃப்ஐயையும் பயன்படுத்துகின்றன. உருவாக்கிய பிறகு தலைமுறையை மாற்ற முடியாது என்பதால் புதிய மெய்நிகர் கணினியை உருவாக்குவதே வழி. இரண்டாம் தலைமுறையில் லினக்ஸ் ஐஎஸ்ஓ மறுக்கப்பட்டால், செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் பூட் செய்யவிடும் பாதுகாப்பு) அமைப்பில் உள்ள வார்ப்புருவை விண்டோஸுக்கு உரியதிலிருந்து, மைக்ரோசாஃப்ட் யுஇஎஃப்ஐ சான்றிதழ் ஆணையத்துக்கு உரியதாக மாற்றுங்கள். அதுவும் உதவாதபோது மட்டும் செக்யூர் பூட்டை அணையுங்கள்.

ஐஎஸ்ஓ எந்தச் செயலிக்கு உரியது என்பதையும் பாருங்கள். ஆர்ம் செயலிக்கான வட்டு இன்டெல் வகை மெய்நிகர் கணினியில் பூட் ஆகாது. பெரும்பாலும் யுஇஎஃப்ஐ ஷெல் திரை வந்து நின்றுவிடும். கோப்பின் நீட்சி ஐஎம்ஜி என்று இருந்தால், அது யுஎஸ்பி டிரைவில் அப்படியே எழுதுவதற்காக உருவாக்கப்பட்ட படிமமாக இருக்கலாம். அதை வட்டு டிரைவில் பொருத்தாமல் வன்தட்டாக இணைக்க வேண்டும். இவற்றோடு, தொடக்கத்திலிருந்தே பூட் ஆகாத வட்டுகளும் உண்டு. விண்டோஸ் 95-ன் வட்டு ஃபிளாப்பி மூலம் தொடங்கப்படும் என்று எதிர்பார்த்து வெளியிடப்பட்டது; அதற்கு ஒரு ஃபிளாப்பி படிமமும் தேவை.

அறிகுறி: நிறுவல் தொடங்குகிறது, பாதி வழியில் ஒரு கோப்பைக் காணவில்லை அல்லது சிதைந்துள்ளது என்று நிற்கிறது

இங்கே மெய்நிகர் கணினியின் அமைப்பைத் தொடவே வேண்டாம். தொடங்குவதற்கு வேண்டியது படிமத்தின் ஒரு பகுதி மட்டுமே. அது நலமாக இருந்தால் நிறுவல் திரை வந்துவிடும். பெரிய கோப்புகள் இருக்கும் இடத்தில் சிதைவு இருந்தால், அந்த இடத்தைத் தொடும்போதுதான் தெரியும். நிறுவல் எப்போதும் ஒரே சதவீதத்தில் நிற்பது இதன் தெளிவான அடையாளம்.

கோப்பை வழங்கியவர்கள் வெளியிட்டுள்ள ஷா-256 செக்சம் மதிப்போடு உங்கள் கோப்பின் மதிப்பை ஒப்பிடுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில், லினக்ஸில் ஷா256சம், மேக்கில் ஷாசம் ஆகிய கட்டளைகள் இயங்குதளத்தோடே வருகின்றன. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு வேறு. மீண்டும் தரவிறக்குவதைத் தவிர வழியில்லை. மதிப்பைத் தரவிறக்கிய உடனே பார்ப்பதோடு நிறுத்தாமல், கோப்பு கடைசியாக வந்து சேர்ந்த இடத்திலும் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு டிவிடி படிமத்தை யுஎஸ்பி டிரைவ் வழியாக வேறொரு கணினிக்கு எடுத்துச் சென்று, நிறுவல் நடுவில் நின்றதும் மாலை முழுவதும் நினைவக அளவையும் கன்ட்ரோலரையும் (டிரைவ்களைக் கணினியோடு இணைக்கும் பகுதி) மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரவிறக்கிய கணினியில் செக்சம் சரியாக இருந்ததால் கோப்பின் மேல் சந்தேகமே வரவில்லை. இரவில் இரண்டு கோப்புகளின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், யுஎஸ்பி டிரைவில் இருந்தது 4 ஜிபியில் வெட்டுண்டு நின்றது தெரிந்தது.

காரணம் ஃபேட்32 கோப்பு முறை. அதில் ஒரு தனிக் கோப்பின் அளவு 4,29,49,67,295 பைட்டுகளைத் தாண்ட முடியாது. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவே 4.7 ஜிபி என்பதால், முழு டிவிடி படிமம் அதற்குள் அடங்காது. நகலெடுக்கும் மென்பொருள் பிழைச் செய்தி காட்டினால் நல்லது. சில கருவிகள் எழுதியவரை விட்டுவிட்டு நிற்கின்றன, பெயரைப் பார்த்தால் முழுக் கோப்பு போலவே தெரியும். இத்தகைய டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்துவிட்டு நகலெடுங்கள்.

அறிகுறி: நிறுவல் வட்டு பூட் ஆகிறது, ஆனால் அதே வட்டையோ வன்தட்டையோ காணவில்லை என்கிறது

முரணாகத் தோன்றினாலும் இதற்கு நேரான விளக்கம் உண்டு. தொடக்கத்தில் வட்டைப் படிப்பது ஃபர்ம்வேர். சற்று நேரத்தில் அந்தப் பொறுப்பை நிறுவல் நிரலின் சொந்த டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் துணை நிரல், ஏற்கிறது. அந்த டிரைவருக்கு மெய்நிகர் கன்ட்ரோலரைத் தெரியாவிட்டால், அதுவரை படிக்கப்பட்ட வட்டு அந்த நொடியிலிருந்து மறைந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியின் நிறுவல் வட்டில் ஏஎச்சிஐ டிரைவர் (சாட்டா கன்ட்ரோலரோடு பேசுவதற்கான டிரைவர்) கிடையாது. ஆகவே சாட்டா கன்ட்ரோலரில் வன்தட்டை வைத்தால் அது காணப்படாது, அல்லது 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை வரும். வன்தட்டையும் வட்டு டிரைவையும் பழைய வகையான ஐடிஈ கன்ட்ரோலருக்கு மாற்றுங்கள். கணினியை முழுவதும் அணைத்த பிறகே இதைச் செய்ய முடியும்.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் இன்னும் ஒரு படி கூடுதல். ஐடிஈ டிரைவ் இருந்தாலும், சிடிக்கான டிரைவரும் எம்எஸ்சிடெக்ஸ் என்ற நிரலும் ஏற்றப்படாமல் டிரைவ் எழுத்தே கிடைக்காது. விண்டோஸ் 98-ன் தொடக்க ஃபிளாப்பியில் இவை இரண்டும் சேர்ந்தே இருப்பதால், அதன் படிமத்தைப் பயன்படுத்துவது எளிது.

கியூஎம்யு, கேவிஎம் பயன்படுத்துவோர் இதன் மறுபக்கத்தைச் சந்திப்பார்கள். வன்தட்டு விர்ட்ஐஓ வகையாக (மெய்நிகர் கணினிகளுக்கென்றே அமைந்த வகை) இருந்தால், விண்டோஸ் நிறுவல் எந்த வன்தட்டும் இல்லை என்று சொல்லும். விர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓவை இரண்டாவது வட்டு டிரைவில் பொருத்தி, டிரைவரை ஏற்றும் பொத்தான் வழியாக அதைக் காட்டுங்கள். ஒரே டிரைவில் வட்டை மாற்றி மாற்றிச் செய்யவும் முடியும், ஆனால் டிரைவரை ஏற்றிய பின் நிறுவல் வட்டை மீண்டும் பொருத்த மறந்துவிட்டு இன்னொரு பிழையைத் தேடுவதில்தான் அது முடிகிறது; இரண்டாவது டிரைவ் சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

அறிகுறி: நிறுவல் முடிந்து மறுதொடக்கம் ஆனதும் மீண்டும் நிறுவலே தொடங்குகிறது

வட்டு இன்னும் டிரைவில் இருக்கிறது, பூட் வரிசையில் டிரைவ் முதலில் இருக்கிறது, அவ்வளவுதான். வட்டை வெளியேற்றிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பூட் வரிசையை நிரந்தரமாக மாற்றாமல் ஒருமுறை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். விண்டோஸாக இருந்தால், இரண்டாவது முறை விசையை அழுத்தாமல் விட்டாலே அது வன்தட்டிலிருந்து தொடரும்.

அறிகுறி: படிமக் கோப்பை மென்பொருள் ஏற்கவே மறுக்கிறது, அல்லது ஏற்றபின் வட்டு காலியாகத் தெரிகிறது

ஐஎஸ்ஓ என்பது ஒரு வட்டின் தரவுப் பகுதியை மட்டும், ஒரு செக்டருக்கு (வட்டில் தரவு பிரிக்கப்படும் சிறு துண்டு) 2048 பைட்டுகள் என்ற கணக்கில், தொடக்கம் முதல் இறுதி வரை எடுத்த நகல். ஆனால் சிடியின் ஒரு செக்டரில் உண்மையில் 2352 பைட்டுகள் இருக்கின்றன. மிச்சம் உள்ளவை ஒத்திசைவுக்கும் பிழைதிருத்தத்துக்கும் ஆனவை. 'பின்', 'எம்டிஎஃப்' போன்ற நீட்சி கொண்ட கோப்புகள் பெரும்பாலும் இந்த முழு செக்டரையும் சேமிக்கின்றன; என்ஆர்ஜி என்பது நீரோ மென்பொருளின் தனி வடிவம். இவற்றின் பெயரை ஐஎஸ்ஓ என்று மாற்றுவதால் உள்ளடக்கம் மாறாது. மெய்நிகர் டிரைவ் கோப்பை 2048 பைட்டுத் துண்டுகளாகவே படிக்கும். ஒவ்வொரு செக்டரும் சற்றுத் தள்ளி விழுந்து, கெஸ்டுக்குப் பொருளற்ற தரவே போய்ச் சேரும்.

எந்த வகை என்று உறுதிசெய்ய, கோப்பை ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். சிடிகளின் கோப்பு முறையான ஐஎஸ்ஓ 9660-ல் முதல் 16 செக்டர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டு, 16-ஆம் எண் செக்டரில் வட்டின் விவரம் தொடங்குகிறது. ஆகவே உண்மையான ஐஎஸ்ஓ கோப்பில் 32,769-ஆம் பைட்டு நிலையில், ஆங்கில எழுத்துகளில் சிடி001 என்ற அடையாளம் இருக்கும். அது அங்கே இல்லாமல் 37,649-ஆம் நிலையில் இருந்தால், அது 2352 பைட்டு செக்டர் கொண்ட கோப்பு. 'பின்' கோப்பும், அதன் தடங்களைப் பட்டியலிடும் 'கியூ' கோப்பும் இணையாக இருந்தால் பிசங்க் போன்ற கருவியால் ஐஎஸ்ஓவாக மாற்றலாம். மாற்றும்போது கியூ கோப்பில் எத்தனை தடங்கள் குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள்: பழைய விளையாட்டு வட்டுகள் பலவற்றில் முதல் தடம் தரவு, மற்றவை இசை. ஐஎஸ்ஓவில் இசைத் தடங்களுக்கு இடமே இல்லை. விளையாட்டு ஓடும், இசை மட்டும் வராது. அதை ஒலி அட்டையின் பழுது என்று நினைத்துத் தேட வேண்டாம்.

மேக் கணினியின் டிஎம்ஜி கோப்பும் இதே நிலைதான். டிஸ்க் யூட்டிலிட்டியில் அதை டிவிடி/சிடி மாஸ்டர் வடிவத்துக்கு மாற்றினால் சிடிஆர் என்ற நீட்சியோடு ஒரு கோப்பு கிடைக்கும். அதன் உள்ளடக்கம் அமுக்கப்படாத நேரடி நகல் என்பதால், அதற்கு மட்டும் பெயரை ஐஎஸ்ஓ என்று மாற்றினால் போதும்.

அறிகுறி: கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் அனுமதி இல்லை என்று வருகிறது

லினக்ஸில் லிப்வர்ட் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாகக் கியூஎம்யு இயங்கும்போது, அது உங்கள் பயனர் கணக்கில் இயங்காமல் தனக்கென்று உள்ள கணக்கில் இயங்கலாம். உங்கள் வீட்டுக் கோப்புறையில் உள்ள ஐஎஸ்ஓவை நீங்கள் திறக்க முடிவது அதற்கு எந்த உரிமையையும் தருவதில்லை. கோப்புக்குப் படிக்கும் அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. அந்தக் கோப்பு வரை செல்லும் ஒவ்வொரு கோப்புறைக்கும் நுழையும் அனுமதி வேண்டும். வீட்டுக் கோப்புறையைப் பிறருக்குத் திறந்துவிடுவதை விட, லிப்வர்ட்டின் படிமங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கோப்புறைக்கு ஐஎஸ்ஓவை நகர்த்துவதே சரி. எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி உள்ள அமைப்புகளில் பாதுகாப்பு அடையாளமும் பெரும்பாலும் இதனால் ஒழுங்காகிவிடும்.

ஹைப்பர்-வியில் ஐஎஸ்ஓ வலைப்பின்னல் பகிர்வில் இருந்தால் இதே செய்தி வரலாம். பகிர்வைத் திறப்பது உங்கள் கணக்கு மட்டுமன்று, ஹோஸ்ட் கணினியின் கணக்கும் ஆகும். உரிமைகளைச் சீர்செய்ய வழி உண்டு. அவசரமானால் கோப்பை உள்ளூர் டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

அறிகுறி: வட்டு திறக்கிறது, கோப்புகள் எதிர்பார்த்தபடி இல்லை

ரீட்மீ என்ற ஒரே ஒரு கோப்பு மட்டும் தெரிந்தால் அதைத் திறந்து படியுங்கள். வட்டு யுடிஎஃப் என்ற வேறொரு கோப்பு முறையில் உள்ளது என்று அதுவே சொல்லும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் நிறுவல் படிமங்கள் இப்படித்தான் அமைகின்றன: ஐஎஸ்ஓ 9660 பகுதியில் அந்த அறிவிப்பு மட்டும், உண்மையான கோப்புகள் யுடிஎஃப் பகுதியில். லினக்ஸ் கெஸ்டில் வட்டை இணைக்கும்போது கோப்பு முறை யுடிஎஃப் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

பெயர்கள் எட்டு எழுத்துகளில் வெட்டுண்டு தெரிந்தால், படிமத்தை உருவாக்கியவர் நீண்ட பெயர்களுக்கான ஜோலியட் அல்லது ராக் ரிட்ஜ் நீட்டிப்பைச் சேர்க்கவில்லை, அல்லது கெஸ்டுக்கு அது புரியவில்லை. விண்டோஸ் ஜோலியட்டைப் படிக்கும். ராக் ரிட்ஜ் யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கு உரியது. நீங்களே படிமத்தை உருவாக்கும்போது இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஹோஸ்ட்டின் உண்மையான டிரைவில் உள்ள வட்டை கெஸ்ட் படிக்கவில்லை

முதலில், ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறைக் கணினிகள் உண்மையான டிரைவை ஏற்பதில்லை. அங்கே ஐஎஸ்ஓ மட்டுமே வழி. விர்ச்சுவல்பாக்ஸில் தரவு வட்டுகள் படிக்கப்பட்டு, இசை வட்டுகளும் வட்டில் எழுதுவதும் மட்டும் இயங்கவில்லை என்றால், டிரைவுக்குப் பாஸ்த்ரூ அமைப்பை (கெஸ்டை உண்மையான டிரைவோடு நேரடியாகப் பேசவிடுவது) இயக்குங்கள். விஎம்வேரில் தரவு வட்டே படிக்கப்படாதபோது பழைய முறை எமுலேஷன் என்ற பெட்டியைக் குறித்துப் பாருங்கள்; ஆனால் அந்த முறையில் தரவு வட்டுகளைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. லினக்ஸ் ஹோஸ்ட்டில் உங்கள் கணக்கு சிடிராம் என்ற குழுவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

என் தெளிவான கருத்து, தரவு வட்டாக இருந்தால் உண்மையான டிரைவோடு போராடாமல் வட்டை ஒருமுறை ஐஎஸ்ஓவாக எடுத்துவிட வேண்டும் என்பதே. பழைய வட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு நலிவடைகின்றன. இன்று படிக்கும் வட்டு நாளை படிக்காமல் போகலாம். லினக்ஸில் டிடி கட்டளையால், துண்டின் அளவை 2048 என்று கொடுத்து எடுக்கலாம். இறுதியில் ஓரிரு செக்டர்களில் மட்டும் பிழை வந்தால் அஞ்ச வேண்டாம்: வீட்டில் எழுதப்பட்ட சிடிகளில், தடம் முடிந்த பிறகு வரும் நிரப்புச் செக்டர்களைப் படிக்க முடியாமல் போவதுண்டு. ஐஎஸ்ஓசைஸ் கட்டளை வட்டின் கோப்பு முறை உண்மையில் எவ்வளவு நீளம் என்று சொல்லும்; கிடைத்த கோப்பு அந்த அளவுக்குக் குறையாமல் இருந்தால் தரவு முழுமையாக வந்துள்ளது. நடுவில் பிழைகள் வந்தால் டிடியை நிறுத்திவிட்டு டிடிரெஸ்க்யூவுக்கு மாறுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். பதிவுக் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்வதால், வட்டைத் துடைத்துவிட்டு அல்லது வேறொரு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அறிகுறி: வட்டை வெளியேற்ற முடியவில்லை, அல்லது ஐஎஸ்ஓவை நீக்கிய பிறகு மெய்நிகர் கணினியே தொடங்க மறுக்கிறது

கெஸ்ட் இயங்குதளம் வட்டைப் பயன்படுத்தும்போது டிரைவின் கதவைப் பூட்டி வைக்கும்; மெய்நிகர் டிரைவும் அந்தப் பூட்டை மதிக்கும். கெஸ்டுக்குள் சென்று வட்டை முறைப்படி வெளியேற்றுங்கள். லினக்ஸில் ஏதாவது ஒரு டெர்மினல் அந்த வட்டின் கோப்புறைக்குள் நின்றுகொண்டிருந்தாலும் பூட்டு விடாது. வலுக்கட்டாயமாக வெளியேற்றும் வசதி விர்ச்சுவல்பாக்ஸிலும் விஎம்வேரிலும் உண்டு. வட்டிலிருந்து எதுவும் ஓடவில்லை என்று உறுதியானால் அதைப் பயன்படுத்தலாம், லைவ் வட்டில் ஓடும் கணினியில் ஒருபோதும் கூடாது.

நிறுவல் முடிந்து சில மாதங்கள் கழித்து இடத்தை மிச்சப்படுத்த ஐஎஸ்ஓவை அழித்துவிட்டால், ஹைப்பர்-வி போன்றவை இணைக்கப்பட்ட கோப்பைக் காணவில்லை என்று கணினியைத் தொடங்க மறுக்கும். டிரைவைத் திறந்து 'ஏதுமில்லை' என்று மாற்றினால் சரியாகிவிடும். கணினியை வேறொரு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தும்போது அது தோல்வியுறுவதற்கும் இதே மறந்துபோன ஐஎஸ்ஓ காரணமாக இருக்கலாம், ஏனெனில் அந்தக் கோப்பு புதிய ஹோஸ்ட்டில் இருக்காது. ஸ்னாப்ஷாட் (பின்னால் திரும்பிச் செல்வதற்காகக் கணினியின் அந்நேர நிலையைப் பதிவது) எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: எடுத்த நேரத்தில் டிரைவில் இருந்த ஐஎஸ்ஓவின் முகவரி அந்த ஸ்னாப்ஷாட்டிலும் பதிவாகியிருக்கும், ஆகவே இன்றைய அமைப்பில் டிரைவைக் காலி செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும்போது அந்தக் கோப்பு மீண்டும் தேடப்படும். ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு முன்பே வட்டை வெளியேற்றிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், அதே பெயரில் அதே இடத்தில் ஐஎஸ்ஓவைத் திரும்ப வைத்துவிட்டு, அந்த நிலைக்குச் சென்று, டிரைவைக் காலி செய்து, புதிதாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.